சீனத்து நெசவு, சாயம், பூவேலை பார்க்கும் குழுப் பயணம்: போய் வந்தவர்களும் போக நினைப்பவர்களும் பேசலாம்

பாவுநூல்

சீனாவில் துணியை மட்டும் மையமாக வைத்து நடத்திய ஒரு குழுப் பயணத்தில் போய்விட்டு வந்திருக்கிறேன். பன்னிரண்டு பேர், முழு நேரமும் கூட வந்த ஒரு வழிகாட்டி, கிராமங்களில் உள்ளூர் மொழி தெரிந்த ஒருவர். பெருஞ்சுவர் கிடையாது, பெய்ஜிங் கிடையாது. பாதி நாட்கள் தென்மேற்கே குய்சோ மாகாணத்து மலைக் கிராமங்களில், மீதி நாட்கள் கிழக்கே சுசோ, நான்ஜிங், ஹாங்சோவில். தனிச் செய்தியில் நிறையப் பேர் விவரம் கேட்டதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் எத்தனை ஊர் காட்டுவீர்கள் என்று கேட்காதீர்கள். வேலை நடக்கும் இடத்தில் எத்தனை மணி நேரம் உட்கார விடுவீர்கள் என்று கேளுங்கள். துணி வேலை எல்லாமே மெதுவாக நடப்பது. இருபது நிமிடம் நின்று பார்த்தால் கை அசைவது தெரியும், ஏன் அப்படி அசைகிறது என்று புரியாது.

குய்சோவில் தான்சாய் வட்டாரத்து மியாவ் என்ற சிறுபான்மை இனப் பெண்களின் மெழுகுச் சாய வேலையை ஒரு முழுப் பகல் பார்த்தோம். மூங்கில் காம்பின் நுனியில் சின்னச் சின்னச் செம்புத் தகடுகளைச் சேர்த்துக் கட்டிய கத்திதான் அவர்களுடைய எழுதுகோல். தகடுகளுக்கு நடுவே உருகிய தேன்மெழுகு தங்கும். துணியில் பென்சில் கோடு எதுவும் இல்லை. விரல் நகத்தால் லேசாகக் கீறி இடம் குறித்துக்கொண்டு, நேராக மெழுகால் வரைந்துகொண்டே போகிறார்கள். சூடு கூடினால் மெழுகு துணியில் பரவிவிடும், ஆறிப்போனால் இழைக்குள் இறங்காமல் மேலேயே நின்று உரிந்துவிடும். அந்தப் பக்குவத்தைப் பிடிப்பதுதான் பாதி வேலை. தோளிலும் கையிலும் வரும் பெரிய சுழி வடிவத்தை வோதுவோ என்கிறார்கள். அந்த வட்டாரத்துச் சட்டைக்கு அடையாளமே அதுதான். வரைந்து முடித்ததும் துணியை நீலத் தொட்டியில் முக்கி, எடுத்துக் காற்றில் விரிக்கிறார்கள். தொட்டியிலிருந்து வரும்போது பச்சையாக இருக்கும் துணி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகிறது. வேண்டிய அழுத்தம் வரும்வரை திரும்பத் திரும்ப முக்கிவிட்டு, கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை உருக்கி எடுத்தால் வெள்ளைக் கோலம் தெரியும். மிதந்து வரும் மெழுகை வழித்தெடுத்து மறுபடி பயன்படுத்துவார்கள்.

நீலம் எடுக்கும் செடி நம்மூர் அவுரி அல்ல. அது குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்தது, நீலகிரியில் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கிறதே, அதற்கு உறவு. இலையைத் தண்ணீரில் ஊற வைத்துச் சாறு இறங்கியதும் சுண்ணாம்பு போட்டு அடித்துக் கலக்கினால் அடியில் நீலக் குழம்பு படியும். அதைச் சாம்பல் தண்ணீரும் அரிசி மதுவும் சேர்த்துத் தொட்டியில் புளிக்க வைக்கிறார்கள். தொட்டி உயிரோடு இருக்கிறதா என்று தினமும் காலையில் முகர்ந்தும் நாக்கில் தொட்டும் பார்ப்பார்கள். மேலே செம்பு நிறத்தில் ஏடு மிதந்தால் நல்ல தொட்டி.

அப்புறம் அதே மாகாணத்தில் சாவோசிங். தோங் என்ற இன்னொரு சிறுபான்மை இனத்தவரின் பெரிய கிராமம். ஐந்து குலங்களுக்கு ஐந்து மரக் கோபுரங்கள், எதிலும் இரும்பு ஆணி இல்லை. அங்கே பார்த்த துணி எனக்கு முற்றிலும் புதிது. பருத்தித் துணியை நீலத்தில் பல தடவை முக்கி, காயவைத்து, கல்லின் மேல் போட்டு மரச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். நடுநடுவே மாட்டுத்தோல் பசை, சிவப்புச் சாயம், முட்டை வெள்ளைக்கரு. முடிவில் துணி கருநாவல் பழத் தோல்போல மின்னுகிறது. தொட்டால் தோல்மாதிரி விறைப்பாக இருக்கிறது. கோடை முடிந்து இலையுதிர் காலத்தில் போனால் தெருவெல்லாம் அந்த அடிச் சத்தம் கேட்கும். இரவில் கோபுரத்துக்குக் கீழே அவர்களின் பெருங்குழுப் பாட்டு. நடத்துநரும் இல்லை, பக்கவாத்தியமும் இல்லை, ஆனாலும் பல குரல் பிரிந்து பிரிந்து சேர்கிறது. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

கிழக்குப் பகுதியைப் பற்றிக் கேளுங்கள், எழுதுகிறேன். அங்கே எங்களை ஓட்டமாக ஓட்டிவிட்டார்கள்.

ஆரணிக்காரன்

அக்கா, நான்ஜிங்கில் யுன்ஜின் என்ற பூவேலைப் பட்டு நெய்யும் தறி பார்த்தீர்களா? அதைத்தான் கேட்க வந்தேன். நாங்கள் நெசவுக் குடும்பம். துளை போட்ட அட்டையால் வடிவம் நெய்யும் ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் இங்கே வடிவத்தை நூலில் கட்டும் அடை முறையில் நெய்தார்கள், பக்கத்தில் ஒரு பையன் நின்று கயிறு இழுத்துக் கொடுப்பான் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மாதிரித் தறியை நான் கண்ணால் பார்த்ததில்லை. சீனாவில் இன்னும் ஓடுகிறது என்கிறார்களே, உண்மையா?

பாவுநூல்

> சீனாவில் இன்னும் ஓடுகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் தம்பி. நான்ஜிங்கில் யுன்ஜினுக்கென்றே இருக்கும் அருங்காட்சியகத்தில் ஆள் உட்கார்ந்து நெய்கிறார்கள். தறி 5.6 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. மேலே இருப்பவர் வடிவத்துக்கு வேண்டிய பாவு இழைகளை, அதாவது நெடுக்கு நூலை, கயிற்றால் தூக்கித் தர, கீழே இருப்பவர் நிறநிறமான ஊடைகளை, அதாவது குறுக்கு நூலை, பூவுக்குப் பூ மாற்றிக் கோக்கிறார். தங்கத் தகட்டு நூலும், மயிலிறகை முறுக்கிய நூலும் சேரும். ஒரு நாளைக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் நகர்ந்தால் அதிகம். இதுவும் 2009-இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

உனக்குப் பிடித்திருக்கும் இடம் வேறு. படத்தைத் தறிக்கு மாற்றும் வேலை. ஜக்கார்டுக்கு அட்டையில் துளை போடுகிறோம் இல்லையா? அவர்கள் நூலிலேயே வடிவத்தைக் கட்டுகிறார்கள். எந்த வரிசையில் எந்தப் பாவு எழ வேண்டும் என்பதை நெடுக்கு நூல், குறுக்கு நூல் முடிச்சாக்கி ஒரு மூலப்பிரதி தயார் செய்து, அதைத் தறியின் மேலே மாட்டுகிறார்கள். அதற்குத் தனி ஆள், தனி இடம். எங்களுக்கு அங்கே கிடைத்தது முக்கால் மணி நேரம். அதில் பாதியை மாடியில் துணிக்கடை தின்றுவிட்டது.

மிங் வம்சத்து வான்லி பேரரசரின் கல்லறையான திங்லிங்கை 1950-களில் தோண்டியபோது கிடைத்த பட்டு ஆடைகள் வெளிக்காற்று பட்டுக் கெட்டுப்போயின. அதில் ஓர் அங்கியை இந்த ஊர் நெசவாளர்கள்தான் மயிலிறகு நூல் உட்பட மறுபடி நெய்து காட்டினார்கள். தறி உயிரோடு இருந்ததால்தான் அது முடிந்தது.

நடைவண்டி

நானும் சீனா போயிருக்கிறேன், ஆனால் சாதாரண மலிவுப் பயணத் திட்டத்தில். பட்டு என்று அதில் எழுதியிருந்ததை நம்பித்தான் சேர்ந்தேன். கூட்டிப்போனது ஒரு பெரிய கடை. வாசலில் நாலு கூடு, ஒரு நூற்பு இயந்திரம், ஒரு பெண் பத்து நிமிடம் விளக்கம் சொன்னார். பிறகு கதவைத் திறந்தால் மெத்தை, போர்வை, சட்டை. வெளியே போகும் வழி முழுக் கடையையும் சுற்றித்தான். அடுத்த நாள் ஜேட் கடை, அதற்கடுத்த நாள் தேயிலைக் கடை. எதுவும் வாங்காதவர்களிடம் வழிகாட்டி முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மனைவிக்கு அது ரொம்ப வலித்தது. நல்ல பயணத்துக்கும் இதற்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது?

பாவுநூல்

நடைவண்டி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. சீனச் சுற்றுலாச் சட்டம் 2013 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. அடிமாட்டு விலைக்கு ஆள் சேர்த்துக் கடைக் கமிஷனில் லாபம் பார்ப்பதை அது தடை செய்கிறது. பயணிகள் கேட்காமல் குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப்போகவும் கூடாது. எனவே கடைக்குப் போவது உண்டா, எத்தனை, எவ்வளவு நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதும் பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடலாம்.

இன்னொன்று. அந்தப் போர்வை விளக்கத்திலும் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, அதை யாரும் நின்று சொல்வதில்லை. சில சமயம் இரண்டு புழு சேர்ந்து ஒரே கூடு கட்டிவிடும். இரண்டின் நூலும் பின்னிக்கொள்வதால் அதை ஒரே இழையாகப் பிரித்தெடுக்க முடியாது. அதனால் அந்தக் கூட்டை வேகவைத்து, வில் மாதிரி வளைந்த சட்டத்தில் விரித்துக் காயவைத்து, நாலு மூலையில் நாலு பேர் நின்று இழுத்து அடுக்கடுக்காகப் போர்வைக்குள் வைக்கிறார்கள். தறிக்கு ஆகாததும் வீணாவதில்லை.

பட்டுதானா என்று சந்தேகம் வந்தால், ஓரத்து இழை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும்.

முசுக்கொட்டை

ஒரு கேள்வி. எனக்குப் பட்டுத் துணி பிடிக்கும், ஆனால் புழு சாவது மனதை உறுத்தும். அங்கே போனால் அதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டியிருக்குமா?

பாவுநூல்

ஆமாம், பார்க்க வேண்டியிருக்கும். கூட்டைச் சூடாக்கிப் புழுவைக் கொன்ற பிறகுதான் அறுபடாத இழை கிடைக்கும். அதை அவர்கள் மறைப்பதில்லை. கூட்டுப்புழுவை வறுத்துச் சாப்பிடவும் செய்கிறார்கள். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் குய்சோ பகுதி பெரும்பாலும் பருத்தி, நீலம், மெழுகு. அதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்.

முடிந்தால் கிழக்கே ஹூசோ பக்கத்து மல்பெரிக் கரைகளை மட்டும் பாருங்கள். குளத்தில் மீன், கரையில் மல்பெரி. இலை புழுவுக்கு, புழுவின் எச்சம் மீனுக்கு, குளத்துச் சேறு மறுபடி மரத்துக்கு உரம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2017-இல் இதை உலக வேளாண் மரபாக அறிவித்தது.

ஈப்போ மாலா

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியா. எங்களுக்கு விசா இல்லாமல் போகலாம் என்று ஆனதும் அம்மாவை அழைத்துக்கொண்டு குய்சோ போனேன், காய்லி நகரமும் ஷிஜியாங் என்ற மியாவ் கிராமமும். அம்மாவுக்கு முழங்கால் வலி, சைவம் வேறு. இரண்டையும் பற்றிச் சொல்கிறேன்.

கிராமங்கள் எல்லாம் மலைச்சரிவில். கல்படி, மழை பெய்தால் வழுக்கும். அந்த மாகாணத்தைப் பற்றி, மூன்று நாள் சேர்ந்து வெயில் கிடையாது, மூன்று கல் சேர்ந்து சமதரை கிடையாது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்களாம். அது அப்படியே உண்மை. மடக்குக் குடையைவிட மழைக்கோட்டு நல்லது, கை இரண்டும் கம்பியைப் பிடிக்க வேண்டும்.

சாப்பாட்டில் காய்கறி நிறைய, ஆனால் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அது போதாது. கொழுப்பு, எலும்புச்சாறு, முட்டை எது வேண்டாமோ அதையெல்லாம் சீனத்தில் எழுதிய அட்டை ஒன்று கையில் வைத்திருங்கள். தக்காளியைப் புளிக்க வைத்த புளிப்பு ரசம் அங்கே பிரபலம். மீன் போட்டுத் தருவதுதான் வழக்கம், எங்களுக்குக் காய் மட்டும் போட்டுத் தனியாக வைத்துக் கொடுத்தார்கள். நம் நாக்குக்கு ரொம்பவே ஒத்துவரும். அம்மா அதையும் பசை அரிசியையும் வைத்தே சமாளித்தார்.

ஷிஜியாங் எனக்குப் பிடித்தது. ஆயிரம் வீடு மலைமேல் ஏறி நிற்கிற காட்சி, இரவில் விளக்கு. மியாவ் உடையும் வெள்ளிக் கிரீடமும் வாடகைக்கு எடுத்து அம்மா படம் எடுத்துக்கொண்டார்.

சாயப்பானை

மாலா, உங்கள் அம்மா மகிழ்ந்தது நல்ல விஷயம். ஆனால் ஷிஜியாங்கைத் துணி பார்க்கப் போகும் இடமாக யாரும் எண்ணக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நுழைவுச் சீட்டு, மேடை நடனம், தெரு முழுக்கக் கடை. தொங்குகிற பூவேலையில் பெரும்பகுதி இயந்திரம் போட்டது. வாடகை உடை பாலியஸ்டர், கிரீடம் வெள்ளி நிறத்தில் ஏதோ ஓர் உலோகம். அதைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பயணிக்கு, அந்த ஊர்ப் பெண் ஒரு சட்டைக்கு எத்தனை மாதம் உழைத்தாள் என்ற எண்ணமே வராது.

சிங்சுய் ஆற்றங்கரையில் ஷிதோங் என்ற மியாவ் ஊர் இருக்கிறது. அங்கே போங்கள். ஒரு பட்டு நூலைப் பல இழையாகப் பிரித்து, ஒரு காயின் சாற்றில் இழுத்து வழவழப்பாக்கி, காகிதத்தில் வெட்டிய உருவத்தின் மேல் தைக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சி, பறவை, எருமைக் கொம்புள்ள நாகம், மனிதத் தலையுள்ள விலங்கு எல்லாம் வரும். அவை வெறும் அலங்காரம் அல்ல. மேப்பிள் மரத்திலிருந்து பிறந்த வண்ணத்துப்பூச்சித் தாய் பன்னிரண்டு முட்டை இட்டாள், அதிலிருந்து மனிதனும் நாகமும் எருமையும் புலியும் இடியும் வந்தன என்பது அவர்களின் படைப்புக் கதை. பழைய காலத்தில் அவர்களுக்கு எழுத்து இல்லை, கதை பாட்டிலும் துணியிலும்தான் இருந்தது. மூன்றாம் சந்திர மாதம் பதினைந்தாம் நாளை ஒட்டி அங்கே சகோதரிகள் உணவுத் திருவிழா. நிறம் ஏற்றிய பசை அரிசி, வெள்ளி, பூவேலை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஏப்ரல் வாக்கில் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்லிச் சந்தையில் பழைய சட்டைகளும் குழந்தையை முதுகில் கட்டும் துணிகளும் விற்பார்கள். தயவுசெய்து பழையதை வாங்காதீர்கள். ஒரு பாட்டி தன் மகளுக்காகத் தைத்தது அது. பல ஆண்டுகளாக வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வாங்கி வாங்கி, இன்று சில கிராமங்களில் பார்த்துத் தைக்கவே மாதிரித் துணி இல்லை. சட்டமும் இருக்கிறது. 1949-க்கு முந்திய, மதிப்புள்ள பொருள்களைச் சீனாவுக்கு வெளியே கொண்டுபோகத் தடை, சிறுபான்மை இனங்களின் பொருள்களுக்கு 1966 வரை அந்தக் கோடு நீளுகிறது.

ஈப்போ மாலா

சாயப்பானை, பழைய துணி பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஷிஜியாங் பற்றி ஏற்க மாட்டேன். எங்களுக்கு அறை கொடுத்த வீட்டுக்காரப் பெண் முன்பு குவாங்தோங் மாகாணத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தாராம். மகன் ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். சுற்றுலா வந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பி மகனோடு இருக்க முடிந்தது என்றார். மாலையில் வேலை முடிந்ததும் உட்கார்ந்து தனக்கென்று தைத்துக்கொண்டிருந்தார், விற்க அல்ல. கடைத்தெருவை வைத்து முழு ஊரையும் தள்ளிவிடுவது நியாயமில்லை. எல்லாருக்கும் ஷிதோங்வரை போக முழங்கால் ஒத்துழைக்காது.

சாயப்பானை

அந்தப் பெண் சொன்னது முக்கியமான விஷயம்தான், நான் அதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எடுத்துத்தான் பேசுகிறேன். ஊருக்குத் திரும்பியவர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்பதே என் கவலை. அறை வாடகையிலும் உணவிலும் பணம் வருகிறது, நல்லது. ஆனால் கைவேலைக்கு விலை கிடைக்காவிட்டால் அடுத்த தலைமுறை ஊசியைத் தொடாது. இயந்திரத் துணியைக் கைவேலை என்று நூற்றில் ஒரு பங்கு விலைக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டால் அவர் தைப்பதை யார் வாங்குவார்?

ஆரணிக்காரன்

இங்கே நான் நடுவில் வருகிறேன், ஏனென்றால் இது எங்கள் கதையும்தான். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கும் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறவர்கள் நாங்கள். விலை பேசும்போது வாங்குபவர் கேட்பது எப்போதும் சரிகை எவ்வளவு, பட்டு எத்தனை கிராம் என்பதைத்தான். எத்தனை நாள் நெய்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். பழையது வேண்டாம், சரி. புதிதாக, உங்கள் கண்ணெதிரே தைத்தவரிடம், அவர் கேட்ட விலைக்கு வாங்குங்கள். சின்னதாக இருந்தாலும் போதும். எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே ஒரு மரியாதை.

கைவேலையா என்று பார்க்க: பின்பக்கத்தைத் திருப்புங்கள். இயந்திரப் பூவேலையில் அடியில் வேறொரு நூல் ஒரே சீராக ஓடும், பெரும்பாலும் வெள்ளை. கைவேலையில் முன்னும் பின்னும் அதே நூல்தான், முடிச்சும் தாவலும் ஒழுங்கில்லாமல் இருக்கும். சுசோவின் இரட்டைப் பக்கப் பூவேலை இதற்கு விதிவிலக்கு, இல்லையா அக்கா? அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே.

பாவுநூல்

எழுதுகிறேன். சுசோவுக்கு மேற்கே, தாய்ஹூ ஏரிக்கரையில் சென்ஹூ என்று ஓர் ஊர். அங்கே வீட்டுக்கு வீடு பூவேலைச் சட்டம். பட்டு நூலைப் பதினாறு இழையாகவும் அதைவிட மெல்லியதாகவும் பிரித்துத் தைக்கிறார்கள். இரட்டைப் பக்க வேலையில் ஊசியைத் துணிக்குச் செங்குத்தாக ஏற்றி இறக்க வேண்டும், முடிச்சை அடுத்த தையலுக்குள் மறைத்துவிட வேண்டும். பூனையும் தங்கமீனும்தான் கடைகளில் அதிகம். எனக்குப் பூனைகளைவிடப் பிடித்தது, வெறும் தாமரைத் தண்டு ஒன்றைக் காற்றில் சாய்ந்தபடி தைத்திருந்த ஒரு சின்னச் சட்டம்.

சுசோப் பூவேலைக்கு ஒரு பெரிய பெயர் ஷென் ஷோ, 1874-இல் பிறந்து 1921-இல் இறந்தவர். ஓவியத்தில் ஒளியும் நிழலும் விழுவதைத் தையலில் கொண்டுவந்தார். இத்தாலிய அரசி எலேனாவின் உருவத்தை அவர் தைத்தது 1911-இல் இத்தாலியின் தூரின் நகரக் கண்காட்சிக்குப் போயிற்று. நோயில் கிடந்தபோது தன் தையல் முறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, தொழிலதிபர் சாங் ஜியன் எழுதிவைத்தார். கைவேலைக்காரி ஒருத்தி தன் அறிவைத் தன் வாயாலேயே நூலாக்கிவிட்டுப் போனது பெரிய காரியம்.

தம்பி, நீ கட்டாயம் பார்க்க வேண்டியது கெஸி என்ற பட்டு நெசவு. சுசோவில் இன்னும் நெய்கிறார்கள். பாவு முழு நீளமும் ஓடும், ஊடை ஓடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஊடையை ஓட்டும் படகு வடிவக் குட்டி நாடா ஒன்று, அந்த நிறம் எங்கே முடிகிறதோ அங்கேயே திரும்பிவிடும். நம் சேலையில் கரையை உடலோடு சேர்க்கும் கோர்வையில் கரை நூலையும் உடல் நூலையும் ஒன்றோடொன்று கோத்துத் திருப்புவோம் அல்லவா? இவர்கள் கோக்காமல் விட்டுவிடுகிறார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நிறமும் நிறமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பிளவு தெரியும். கத்தியால் கீறியது போலிருக்கும். சோங் வம்சக் காலத்து ஓவியங்களையே இப்படி நெய்து வைத்திருக்கிறார்கள்.

ஹாங்சோவில் தேசியப் பட்டு அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவு இலவசம். செங்தூ அருகே லாவோகுவான்ஷான் என்ற இடத்து மேற்கு ஹான் வம்சக் காலக் கல்லறையில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தியதில், நாலு சிறு தறி மாதிரிகள் கிடைத்தன. வடிவம் நெய்யும் தறிகளில் இதுவரை கிடைத்ததில் மிகப் பழையவை. அதைப் பார்த்து ஹாங்சோ அருங்காட்சியகத்தார் முழு அளவில் தறி செய்து, நெய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆரணிக்காரர் அங்கே போனால் வெளியே வர மாட்டார்.

கடலோடி

நல்ல உரையாடல். வழியைப் பற்றி ஒரு யோசனை. எல்லாரும் ஷாங்காயில் இறங்குகிறார்கள். குவாங்சோவில் இறங்கினால் துணிக்கு இன்னும் நல்ல வரிசை கிடைக்கும்.

குவாங்சோவுக்குப் பக்கத்தில் ஷுண்டே. அங்கே ஒரு பட்டு உண்டு. ஒரு வகை வள்ளிக்கிழங்கின் சாற்றில் பலமுறை முக்கி, புல்தரையில் வெயிலில் காயவைத்து, பிறகு ஒரு பக்கம் மட்டும் ஆற்றுச் சேற்றைப் பூசுகிறார்கள். கிழங்கின் துவர்ப்பும் சேற்றில் உள்ள இரும்பும் சேர்ந்து அந்தப் பக்கம் கறுப்பாகிவிடும், மறுபக்கம் செம்மண் நிறம். வெயிலை நம்பிய வேலை, குளிர்காலத்தில் நடக்காது. அங்கிருந்து குவாங்சோ–குய்யாங் அதிவேக ரயிலில் சோங்ஜியாங் நிலையத்தில் இறங்கினால் சாவோசிங் பக்கம்தான். 2014 கடைசியில் இந்தப் பாதை வந்த பிறகுதான் அந்தக் கிராமங்களுக்குப் போவது எளிதாயிற்று. அப்புறம் தான்சாய், காய்லி. காய்லி தெற்கு நிலையத்திலிருந்து ஷாங்காய் போகும் ரயில் சாங்ஷா வழியாகப் போகும். அங்கே கட்டாயம் ஒரு நாள் தங்குங்கள். ஹுனான் அருங்காட்சியகத்தில் மாவாங்துவி கல்லறைப் பட்டுகள் இருக்கின்றன. 1972-இல் தோண்டியது, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. ஒரு முழுக்கை மெல்லிய பட்டு அங்கி 49 கிராம். அந்த எண்ணைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்குள் பார்த்தால் நம்ப முடியாது.

நேரம் இருப்பவர்கள் ஃபூஜியானில் ச்சுவான்சோவையும் சேர்க்கலாம். பட்டு கப்பலேறிய பழைய துறைமுகம். அங்கே வாழ்ந்த தமிழ் வணிகர்கள் சிவன் கோவில் கட்டியிருந்தார்கள். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்தக் கோவிலின் செதுக்குத் தூண்கள் இன்று கையுவான் பௌத்த விகாரையில் நிற்கின்றன. அந்த விகாரை இருக்கும் இடமே ஒரு மல்பெரித் தோப்பு என்பது அவர்கள் ஐதீகம். தோப்புக்காரர், மல்பெரி மரத்தில் தாமரை பூத்தால் நிலம் தருகிறேன் என்றாராம், பூத்ததாம். பழைய மல்பெரி மரம் ஒன்றை வேலி போட்டுக் காத்து வருகிறார்கள். துணிக்காகப் போகிற தமிழர்கள் அங்கே ஒரு நாள் நிற்பது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

சிங்கை முருகு

கடலோடி சொன்ன வரிசையை எங்கள் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டேன், எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. அக்டோபரில் போகலாம் என்று பேச்சு. எட்டுப் பேர், அதில் இருவர் பத்திக் என்ற மெழுகுச் சாய வேலை செய்பவர்கள். மூன்று சந்தேகம். குழுவாகப் போவதா, நாங்களே போவதா? பணம் எப்படி? பெண்கள் வேலை செய்வதைப் படம் எடுக்கலாமா?

பாவுநூல்

முருகு, நகரங்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. ரயில் சீட்டை நீங்களே கடவுச்சீட்டு எண்ணை வைத்து எடுக்கலாம். கிராமங்களுக்கு மட்டும் உள்ளூர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். பாட்டிகளுக்கு மியாவ் அல்லது தோங் மொழிதான் வரும், நகரத்து வழிகாட்டிக்கே அது புரியாது. கேட்ட கேள்விக்குப் பாட்டி பத்து நிமிடம் பேசுவார், அவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். எங்களுக்கு இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பெண் வந்த பிறகுதான் பேச்சே தொடங்கியது.

அக்டோபர் முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தேசிய நாள் விடுமுறை, நாடே பயணத்தில் இருக்கும். அது முடிந்த பின் போனால் மலையில் அறுவடையும் துணி அடிக்கும் வேலையும் சேர்ந்து கிடைக்கலாம்.

பணத்துக்கு அலிபே அல்லது வீசாட் கைபேசிச் செயலியில் உங்கள் வெளிநாட்டு அட்டையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணைத்து, ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். தெருக்கடையிலும் அதுதான் ஓடுகிறது. ஆனாலும் கிராமத்துப் பாட்டிக்குக் கொடுக்கச் சில்லறை நோட்டு இருக்கட்டும்.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், கேட்டுவிட்டு எடுத்ததைக் காட்டுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் கேட்காமலேயே ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினார். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டார், அன்று அந்த வீட்டில் வேலை பார்க்க முடியவில்லை.

பத்திக் செய்யும் நண்பர்கள் தங்கள் வேலையில் ஒரு துண்டை எடுத்துவரட்டும். மெழுகு பிடிக்கும் கருவியையும் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. அங்கே அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார்கள், மொழிபெயர்ப்பாளரே தேவைப்படாது.

சிங்கை முருகு

மெழுகு வரையும் சந்திங் கருவியை எடுத்துவரச் சொல்லிவிட்டேன். உள்ளூர் ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள் அக்கா. திட்டத்தில் தான்சாய்க்கு இரண்டு நாள் போட்டிருந்தோம், நாலாக்கிவிட்டோம். ஷிஜியாங்குக்கு ஒரு மாலை மட்டும், மாலா சொன்ன வீட்டில் சாப்பாடு. போய் வந்ததும் இதே உரையாடலில் எழுதுகிறேன்.